மாந்தர் உள்ளம் ஒன்றா, பலவா?

வழியில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவன் அதனை உரியவனிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதைத் தாராவியில் வாழும் தமிழரிடம் கேட்டாலும், அங்கே கும்பர்வாடாவில் பானை வனையும் குசராத்தியரிடம் கேட்டாலும், மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் மராட்டியரிடம் கேட்டாலும் விடை ஒன்றாகவே வரும் என்று நாம் எண்ணுகிறோம். எண்ணுகிறோமே தவிர, முறையாகக் கேட்டுப் பார்த்தவர் யார்? கேட்டவர்களுக்குக் கிடைத்த விடைதான் என்ன? இவ்வினாவின் வரலாறு சுவையானது. அதில் தமிழுக்கும் ஒரு தனியிடம் உண்டு.

நூல்களைப் புரட்டாமல், காரணங்களை அடுக்காமல், ஒரு நிகழ்ச்சியைக் கேட்டவுடன் ‘இது தகும்’, ‘இது தகாது’ என்றும், ‘இவன் அறிந்தான்’, ‘இவன் அறிந்ததாக எண்ணினானேயன்றி அறிந்தானல்லன்’ என்றும் உள்ளம் வழங்கும் முதல் தீர்ப்பை மெய்யியலார் உள்ளுணர்வு என்பர். நன்மை என்பது யாது, அறிவு என்பது யாது என்று வகுக்க முற்படுவோர் யாவரும் இத்தீர்ப்புகளையே கடைக்காலாகக் கொண்டு தம் கொள்கைகளைக் கட்டுகின்றனர். அக்கடைக்கால் நாட்டுக்கு நாடு வேறுபடுமாயின், மெய்யியல் என்பது ஊர் வழக்கம் ஒன்றின் பெரும் பெயராகவே முடியும்.

பிற மொழியாளரிடையே வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. வாடகைக்கு வீடு பேசும்போதும், குடியிருப்போர் சங்கத்தில் வழக்குத் தீர்க்கும்போதும், வேற்றுமொழிக் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போதும் ‘நமக்கு நேர்மை எனப் படுவது இவர்களுக்கும் நேர்மை எனப் படுமா?’ என்னும் ஐயம் உள்ளத்தின் ஓரத்தில் நிற்கத்தான் செய்கிறது.

இவ்வினாவை வரிசைப்படுத்திக் கேட்டு, விடைகளை எழுத்திலே வாங்கிய பழைய முயற்சிகளுள் ஒன்று நம் சோழநாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்கர் இரகுநாதர் காலத்தில் டென்மார்க் நாட்டார் தரங்கம்பாடியில் இடம் பெற்றனர். அந்நாட்டு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, சீகன்பால்கு, புளுட்சௌ என்னும் ஜெர்மானியக் குருமார் இருவர் 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் அங்கு வந்திறங்கினர். அப்போது தஞ்சையை ஆண்டவர்கள் மராட்டியர் என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும். மராட்டிய மண்ணில் இன்று நாம் குடியேறியிருப்பது போலவே, மராட்டியர் நம் மண்ணில் அன்று குடியேறியிருந்தனர்.

தமிழரை நாகரிகம் அற்றோர் என்று கருதியே சீகன்பால்கு வந்தார். இவர்களுக்கு ஒழுங்கான மொழியோ ஒழுங்கான வாழ்க்கை நெறியோ இருக்கும் என்று தாம் முதலில் நினைக்கவில்லை என அவரே பின்னர் எழுதினார். அவர் மனத்தை மாற்றியது மொழி. பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகத் தொடங்கியவர், இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி அவற்றுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். 1708ஆம் ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1930ஆம் ஆண்டில்தான் அச்சேறின. நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ஆம் ஆண்டில் எழுதி முடித்த பெருநூலும் 1867இல்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. தமிழரிடம் அவர் கண்டதைக் கேட்க அவருடைய தாயகம் அன்று ஆயத்தமாக இல்லை.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழர் குருண்ட்லரும் தமிழரிடம் ஓலை வழியாக வினாக்களை விடுத்தனர். கடவுள், பாவம், வீடுபேறு, மறுபிறப்பு, திருமணம், கல்வி, மருத்துவம் எனப் பல பொருள் பற்றி அவர்கள் கேட்டார்கள். விடையாக வந்த மடல்கள் 99. அவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பெற்று ஹாலே நகரில் இரு தொகுதிகளாக அச்சிடப்பெற்றன. அவற்றின் ஒரு பகுதி 1717ஆம் ஆண்டில் இலண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அம்மடல்கள் காட்டுவது யாது? கொலை, களவு, பொய், பிறன்மனை நயத்தல் ஆகியவை தீயன என்பதில் கேட்டவர்க்கும் சொன்னவர்க்கும் வேறுபாடு இல்லை. இரப்போர்க்கு ஈதலும் பெற்றோரைப் பேணலும் நல்லன என்பதிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு உணவிலும், தூய்மையிலும், வழிபாட்டிலும், உயிர் மீண்டும் பிறக்குமா என்பதிலும் எழுகிறது. ‘உங்கள் சமயத்தை நாங்கள் ஏன் ஏற்கவில்லை எனில், உங்களவர் மாட்டிறைச்சி உண்கின்றனர், குடிக்கின்றனர், கண்ட இடத்தில் துப்புகின்றனர், உடல் தூய்மை பேணுவதில்லை’ என்னும் கருத்தைத் தமிழர் ஒளிவுமறைவின்றி எழுதினர். உங்கள் வேதம் நல்லதாயின், அதனைக் கைக்கொண்டோர் நடத்தை ஏன் அவ்வாறில்லை என்னும் எதிர்வினாவும் எழுந்தது.

இந்த எதிர்வினாவை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சொல்லும் செயலும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் அளவுகோல் இரு திறத்தாருக்கும் பொதுவாய் இருந்தாலன்றி, இவ்வாறு கேட்க இயலாது. கேட்டாலும் அது கேட்டவனைச் சுடாது. வந்தவர் நம்மை அளக்கக் கொண்டுவந்த கோலாலேயே அவரை நம்மவர் திருப்பி அளந்தனர். பகைத்து வாதாடுவதற்குக்கூட ஒரு பொதுநிலம் வேண்டும் அன்றோ? தரங்கம்பாடி மடல்களில் வெளிப்படையாகத் தெரிவது கருத்து வேற்றுமை. அவ்வேற்றுமையைத் தாங்கி நிற்பதோ கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றுமை.

ஆயினும் அம்மடல்களை அளவுக்கு மீறி நம்புதலும் ஆகாது. இன்று நமக்குக் கிடைப்பவை ஜெர்மன் பெயர்ப்புகளே. அவற்றுட் பலவற்றை எழுதியவர் அழகப்பர் என்னும் துபாசியே எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். ஐரோப்பிய மொழிகளைக் கற்றுப் பழகிய ஒருவர் பல மடல்களை எழுதியிருப்பாராயின், 99 மடல்கள் 99 பேரின் குரல் ஆகா. அன்றியும், கேட்டவர்கள் சமயம் பரப்ப வந்தவர்கள். கேள்வியின் வடிவமே விடையின் வடிவத்தை ஓரளவு வகுத்துவிடும். யாரிடம் கேட்டோம், எந்த மொழியில் கேட்டோம், எதற்காகக் கேட்டோம் என்னும் மூன்றும் இன்றளவும் இத்துறையை விட்டு நீங்காத சிக்கல்கள்.

ஒற்றுமையைக் கண்டோர் எல்லோரும் அதற்கு ஒரே காரணம் கூறினாரல்லர். வீரமாமுனிவர் 1730ஆம் ஆண்டளவில் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1886ஆம் ஆண்டில் குறள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளில் வெளியிட்ட ஜி. யு. போப், அதன் அறவுரைகள் ஏசுநாதரின் மலைப்பொழிவை ஒத்திருத்தல் கண்டு வியந்தார். மயிலையில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரோடு பழகியிருக்கக் கூடும் என்று உய்த்துரைத்தார். இதற்குச் சான்று இல்லை. ஆனால் அவர் எண்ணம் போன போக்கு கருதத் தக்கது. இரண்டு இடங்களில் ஒரே பூ பூத்திருந்தால், ஒருவர் விதையைக் கொண்டுபோய் இட்டிருக்க வேண்டும் என்பது அவர் முடிபு. இரண்டு மண்ணும் அப்பூவைத் தாமே ஈனும் இயல்புடையனவாகலாம் என்பது மற்றொரு முடிபு. இந்தியச் சிந்தனை உலகை மறுப்பது என்று பொதுவாகக் கூறிய ஆல்பர்ட் சுவைட்சரே, 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குறளின் உலகை ஏற்கும் அன்பு நெறியைக் கண்டு தம் பொதுக்கூற்றுக்கு விலக்காக அதனைப் போற்ற நேர்ந்தது.

அறத்தைப் பற்றி மட்டும் பேசினால், ‘சமயங்கள் ஒன்றிடம் ஒன்று கடன் கொண்டிருக்கலாமே’ என்னும் ஐயம் முற்றும் நீங்காது. ஆதலின் கடன் கொண்டமைக்குச் சுவடே இல்லாத மற்றொரு பொருளை எடுத்துக்கொள்வோம். ‘அறிதல்’ என்பது யாது?

சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதியர் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு உரைக்கின்றனர். அவருள் முதலாவதாக வரும் அளவைவாதி, அறிவுபோலத் தோன்றி அறிவாகாதவை எட்டு என்று வகுத்துக் காட்டுகிறான். கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது ஒன்று. நிற்பது தறியா மனிதனா என்று மயங்குவது ஒன்று. ஆராயாமலே தறியை மனிதன் என்று துணிந்துவிடுவது ஒன்று. இவை எளிதில் விளங்குவன. இறுதியிற் சொல்லப்படும் ஒன்றுதான் நம்மை நிறுத்துகிறது. தக்க காரணம் ஏதுமின்றி, ‘இவர்களே உன் தாய் தந்தையர்’ என்று பிறர் சொன்னதைக் கேட்டு அவ்வாறே கருதுதலும் அறிவாகாது என்கிறான் அவன். அவர்கள் மெய்யாகவே தாய் தந்தையராக இருக்கக் கூடும். ஆயினும் அக்கருத்துக்கு அறிவு என்னும் பெயரை அவன் தரவில்லை. உண்மையை எண்ணுதல் வேறு, உண்மையை அறிதல் வேறு என்னும் நுண்ணிய பிரிவினை இங்கே தமிழில் நிற்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் தருமோத்தரர் என்னும் பௌத்த அளவை நூலாசிரியர் இப்பிரிவினையை மேலும் கூர்மையாக்கினார். இறைச்சி சுடுவதற்கு ஒருவர் இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார். புகை இன்னும் எழவில்லை. இறைச்சியின் மணத்திற்குப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தொலைவில் நிற்பவன் அக்கரிய கூட்டத்தைப் புகை என மயங்கி, ‘அங்கே தீ உண்டு’ என்கிறான். தீ உண்மையாகவே உண்டு. ஆயினும் அவன் அதனை அறிந்தானா? ‘அறிந்தானல்லன், குருட்டடியாகச் சொல்லிவிட்டான்’ என்றுதான் நம் உள்ளமும் சொல்கிறது. 1963ஆம் ஆண்டில் எட்மண்ட் கெட்டியர் என்னும் அமெரிக்க அறிஞர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றில் இதே வகையான எடுத்துக்காட்டுகளை வரைந்தார். அறிவு என்பதற்கு அதுவரை வழங்கிவந்த இலக்கணத்தை அக்கட்டுரை அசைத்துவிட்டது. பன்னிரண்டு நூற்றாண்டும் பல கடல்களும் இடையிட்ட இருவர் உள்ளமும் ஒரே இடத்தில் தடைபட்டு நின்றன.

எனினும், இருவரும் அறிஞர். பொதுமக்கள் உள்ளம் எவ்வாறு எனக் கேட்கலாம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர் நியூஜெர்சி மாநிலத்துப் பல்கலைக்கழக மாணவரிடம் இதனைக் கேட்டனர். ஒருவனுடைய தோழி நெடுநாளாக ஓர் அமெரிக்கக் கார் வைத்திருந்தாள். அது களவு போயிற்று. அவள் வேறோர் அமெரிக்கக் கார் வாங்கிக்கொண்டாள். இவ்விரண்டும் அவனுக்குத் தெரியா. அவள் அமெரிக்கக் கார் ஓட்டுகிறாள் என்பதை அவன் அறிவானா, அன்றி நம்புகிறானா? மேனாட்டு மரபினருட் பெரும்பாலோர் ‘நம்புகிறான்’ என்றனர். இந்தியத் துணைக்கண்டத்து மரபினருள் பாதிக்கு மேற்பட்டோர் ‘அறிவான்’ என்றனர். செய்தி எங்கும் பரவியது. கிழக்கத்தியர் உள்ளமே வேறு என்று பலர் முடிவு கட்டினர்.

ஆனால் அச்சோதனையில் விடை தந்த துணைக்கண்டத்து மரபினர் முப்பது பேர்கூட இல்லை. பின்வந்தோர் கூடுதலான மக்களிடம் அதே வினாவைக் கேட்டபோது அவ்வேற்றுமை தோன்றவில்லை. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் நடைபெற்றது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு 23 நாடுகளைத் தழுவியது. பெரும்பாலான இடங்களில் மக்கள் உள்ளம் தருமோத்தரர் பக்கமே சாய்ந்தது. புலம்பெயர்ந்தோர் மக்களுட் சிலரைக் கேட்டுவிட்டு ஒரு பெருநிலத்து மக்கள் அனைவருக்கும் உள்ளம் இன்னதென்று தீர்ப்பெழுதியது எத்துணைப் பிழை என்பதை, புலம்பெயர்ந்து வாழும் நாம் நன்கு உணர்வோம்.

அப்படியானால் வேற்றுமையே இல்லையா? உண்டு. ஒரு பெயர் எவரைக் குறிக்கிறது என்னும் வினாவில் ஹாங்காங் மாணவரும் அமெரிக்க மாணவரும் வேறுபட்டமையை 2004ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. பிற்காலச் சோதனைகளிலும் அவ்வேற்றுமை மீண்டும் மீண்டும் தோன்றியது. அறத்துறையிலும் வேற்றுமை உண்டு. 1987ஆம் ஆண்டில் ரிச்சர்ட் சுவெடரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட ஆய்வு, ஒரிசா மாநிலத்துப் புவனேசுவரத்து மக்களையும் சிகாகோ மக்களையும் ஒப்பிட்டது. வாக்குத் தவறுதல், பிறர் பொருளை அழித்தல், எளியோரைக் கைவிடுதல் ஆகியவற்றில் இரு நகரத்தாரும் ஒன்றுபட்டனர். ஆனால் தந்தை இறந்த மறுநாளே மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி உண்டான் என்பதைப் புவனேசுவரத்தார் மிகக் கொடிய குற்றங்களுள் ஒன்றாக எண்ணினர். சிகாகோவினர் அதில் குற்றம் எதுவும் காணவில்லை.

இங்கே எலியட் டூரியல் முதலியோர் ஒரு கேள்வி எழுப்பினர். மகனின் அச்செயலால் தந்தையின் உயிர் துன்புறும் என்று புவனேசுவரத்தார் நம்புகின்றனர். சிகாகோவினர் அவ்வாறு நம்பவில்லை. தந்தைக்குத் துன்பம் இழைத்தல் தகாது என்பது இருவருக்கும் உடன்பாடே. ஆகவே வேறுபட்டது நன்மை தீமை பற்றிய உணர்வன்று; உலகம் எவ்வாறு இயங்குகிறது என்னும் நம்பிக்கையே என்பது அவர்கள் வாதம். எல்லா வேற்றுமையையும் இவ்வொரு திறவுகோலால் திறந்துவிட இயலும் என்று சொல்வதற்கில்லை. எனினும் அண்டை வீட்டார் வழக்கம் ஒன்று நமக்கு விந்தையாகத் தோன்றும்போது, ‘இவர் உள்ளம் வேறு’ என்று ஒதுங்குவதற்கு முன், ‘இவர் எதனை நம்புவதால் இவ்வாறு செய்கிறார்?’ என்று கேட்பதற்கு அது வழி செய்கிறது.

மராட்டிய மண்ணிலிருந்து தமிழை நோக்கி அவ்வாறு கேட்டு வந்தவர் ஒருவர் உண்டு. சானே குருஜி என்று மக்கள் அன்புடன் அழைத்த பாண்டுரங்க சதாசிவ சானே, 1930ஆம் ஆண்டில் அமளநேர்ப் பள்ளி ஆசிரியப் பணியைத் துறந்து சட்டமறுப்பு இயக்கத்தில் சேர்ந்து சிறை புகுந்தார். திருச்சிராப்பள்ளிச் சிறையில் இருந்த காலத்தில் தமிழ் கற்றுத் திருக்குறளை மராட்டியில் பெயர்த்தார். இந்திய மொழியினர் ஒருவர் மொழியை மற்றவர் கற்று ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிதல் வேண்டும் என்னும் ‘ஆந்தர்பாரதி’ என்ற அவரது கனவு அச்சிறை வாழ்க்கையில் அரும்பியது.

நாள்தோறும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு அவருடைய பணியின் அருமை நன்கு விளங்கும். ‘அறம்’ என்னும் சொல்லுக்கு ‘தர்மம்’ என்று எழுதினால் சமயச் சாயல் ஏறுகிறது. ‘நீதி’ என்று எழுதினால் வழக்குமன்றத்தின் வாடை வீசுகிறது. குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரான ‘கண்ணோட்டம்’ இன்று தமிழிலேயே ‘நோக்கு’ என்னும் பொருளுக்குத் திரிந்துவிட்டது. கண்ட மாத்திரத்தில் பிறர்மேல் இரங்கும் அப்பண்பை மராட்டியர்க்கு விளக்க, அகராதியில் நேர்ச்சொல் தேடினால் கை வெறுமையாகும். ஆனால் ‘மாணுஸ்கீ’ என்னும் அவர்தம் சொல்லை எடுத்துக் காட்டி ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் முகம் மலர்ந்து விளங்கிக்கொள்கின்றனர். மனிதனுக்குரிய இயல்பு என்பது அதன் பொருள். நமது சொல் கண்ணிலிருந்து பிறந்தது. அவர்களது சொல் மனிதன் என்னும் பெயரிலிருந்து பிறந்தது. சொற்கள் ஒத்து வாராத இடத்தில் நிகழ்ச்சிகள் ஒத்து வருகின்றன. உள்ளுணர்வு பொது என்பதற்கு மொழிபெயர்ப்பாளன் காணும் சான்று இதுவே.

இனி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பலருக்கும் பொதுவான உணர்வு என்பதனாலேயே ஒன்று சரியாகிவிடாது. பிறப்பால் சிலரைக் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்துவது தகும் என்னும் எண்ணம் காவிரிக் கரையிலும் பீமா நதிக்கரையிலும் ஒன்றாகவே வேரூன்றியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தனர். பண்டரிபுரத்து விட்டலன் கோயில் அவர்களுக்குத் திறக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் உண்ணாநோன்பு இருந்தவர், பிறப்பில் எல்லா உயிரும் ஒப்பானவை என்று கூறும் குறளை மராட்டிக்குத் தந்த அதே சானே குருஜி. பல நாட்டார்க்கும் பொதுவான பிழையும் உண்டு. ஆனால் அதனைப் பிழையென எடுத்துக்காட்டவும், எடுத்துக்காட்டியதை ஏற்கவும், அதனினும் ஆழமான வேறொரு பொது உணர்வு உள்ளத்தில் இருக்க வேண்டியுள்ளது.

ஆகவே மாந்தர் உள்ளம் ஒன்றா, பலவா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இது. முதல் தீர்ப்புகளுட் பல, நாம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பொதுவானவை. அவற்றுக்கு நாம் இடும் பெயர்களும், கூறும் காரணங்களும், அவை குடியிருக்கும் வழக்கங்களும் வேறு வேறு. பெயரையும் வழக்கத்தையும் மட்டும் பார்த்தவர்கள் உள்ளமும் வேறு என்றனர். ஒற்றுமையைக் கண்டவர்களுட் சிலர் அதனைக் கடன் என்றனர். மொழியைக் கற்று, நிகழ்ச்சியைச் சொல்லி, விடைக்குக் காத்திருந்து, தம்மை நோக்கித் திரும்பிய எதிர்வினாவையும் பொறுத்துக்கொண்டவர்களே உண்மைக்கு அண்மையில் வந்தனர்.

பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் நூல்களைப் படித்து நம் அறநெறியை அறிய வேண்டும் என்று நாம் விரும்புவது முறையே. அந்நெறி தமிழர்க்கு மட்டுமே விளங்கும் என்று சொல்லி வளர்ப்போமாயின், அவர்கள் அதனை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்வர். வெளியே செல்லுங்கால் வாயிலிலேயே கழற்றி வைத்துவிடுவர். அடுத்த வீட்டு மராட்டியச் சிறுவனிடமும் எடுத்துச் சொல்லக் கூடியது, அவன் மறுத்துக் கேட்டால் விடை கூறக் கூடியது என்று கற்பித்தால், அவர்கள் செல்லும் ஊரெல்லாம் அது உடன் செல்லும்.